கியர் ஏன் நழுவுகிறது? என்ஜின் கேஸைப் பிரித்துப் பார்ப்போம்

மணல்மேட்டில் பாதி ஏறியாகிவிட்டது. வண்டி இரண்டாம் கியரில் இருக்கிறது, கட்டைவிரல் த்ராட்டிலை முழுக்க அழுத்திக்கொண்டிருக்கிறது. திடீரென்று ‘டக்’கென்று ஒரு சத்தம். இழுவை அறுந்து என்ஜின் மட்டும் அலறுகிறது. அடுத்த நொடி மறுபடி ஒரு ‘டக்’, வண்டி உலுக்கிக்கொண்டு கிளம்புகிறது. ஏடிவி என்ற நான்கு சக்கர வண்டியை ஓட்டுகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் சத்தம் இது. கியர் நழுவ ஆரம்பித்துவிட்டது. ஆயில் மாற்றினாலும் போகாது, கிளட்ச் கேபிளை இழுத்து வைத்தாலும் போகாது. ஒவ்வொரு முறை நழுவும்போதும் உள்ளே கொஞ்சம் இரும்பு தேய்கிறது. அடுத்த நழுவல் இன்னும் சுலபமாகிறது. கடைசியில் என்ஜினை இறக்கிக் கேஸைப் பிரித்தே ஆக வேண்டும்.

அந்த வேலையில் என்ன நடக்கிறது, பிரித்த கையோடு கியர் பெட்டியை எந்த அளவுக்கு மேம்படுத்தலாம் என்பதை யமஹா பான்ஷி என்ற ஒரே வண்டியை வைத்துச் சொல்கிறேன். 1987 மாடலில் தொடங்கி 2006 மாடல் வரை அமெரிக்காவில் விற்ற நான்கு சக்கர மணல் வண்டி அது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், தண்ணீரில் குளிரும் டூ-ஸ்ட்ரோக் என்ஜின், ஆறு கியர். ரிவர்ஸ் கிடையாது, செல்ஃப் ஸ்டார்ட்டும் கிடையாது, கிக்கர்தான். அதே காலத்தில் போட்டிக்கு நின்ற ஹோண்டா டிஆர்எக்ஸ் 250ஆர் 1989-லும், சுசுகி எல்டி 500ஆர் 1990-லும் விடைபெற்றுவிட, பான்ஷி மட்டும் தாக்குப் பிடித்தது. கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில், மெக்ஸிகோ எல்லையை ஒட்டி ஏறக்குறைய 70 கிலோமீட்டர் நீளத்துக்கு இம்பீரியல் மணல்மேடுகள் கிடக்கின்றன. ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை’ படத்தின் பாலைவனக் காட்சிகளில் சில அங்கேதான் எடுக்கப்பட்டன. அங்குள்ள கிளாமிஸ் பக்கம் போனால் இன்றைக்கும் பான்ஷியின் இரைச்சலைக் கேட்கலாம். உற்பத்தி நின்று இத்தனை வருஷம் கழித்தும் ஒரு வண்டி ஓடுகிறது என்றால், அதன் என்ஜினை யாரோ எங்கோ பிரித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த என்ஜின் அவ்வளவு அந்நியமும் இல்லை. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் இந்தியாவில் இறக்கிய ராஜ்தூத் 350-ம் யமஹாவின் அதே ஆர்டி குடும்பத்தைச் சேர்ந்ததுதான். போர் 64 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 54 மில்லிமீட்டர் என்ற அளவு இரண்டுக்கும் பொது. ராஜ்தூத் காற்றில் குளிர்வது, பான்ஷி தண்ணீரில் குளிர்வது. ஆறு கியரும், கேஸ் பிரியும் விதமும் ஒரே வம்சம். பழைய ஆர்டியில் கை வைத்த மெக்கானிக்குக் கீழே வரும் விஷயங்களில் பாதி தெரிந்தே இருக்கும்.

பற்கள் எப்போதும் பிடித்தபடிதான் இருக்கின்றன

கியர் மாற்றும்போது ஒரு பல்சக்கரம் இன்னொன்றை விட்டு விலகி வேறொன்றோடு போய்க் கோத்துக்கொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பைக்கிலும் இந்த வகை ஏடிவியிலும் அப்படி நடப்பதில்லை. பெட்டிக்குள் இரண்டு தண்டுகள் இருக்கின்றன. கிளட்சிலிருந்து சக்தியை வாங்கும் தண்டு ஒன்று, செயின் ஸ்ப்ராக்கெட்டுக்குக் கொடுக்கும் வெளித்தண்டு இன்னொன்று. ஆறு ஜோடிப் பல்சக்கரங்களும் எந்நேரமும் ஒன்றோடொன்று பல் கோத்தபடியேதான் சுற்றுகின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தண்டோடு கட்டுண்டிருக்கும். அதன் ஜோடி தண்டின்மேல் சும்மா சுற்றும். அந்தச் சும்மா சுற்றும் சக்கரத்தைத் தண்டோடு பூட்டுவதுதான் கியர் விழுவது.

பூட்டுவது எது? சக்கரத்தின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் தடித்த கட்டைகள். பட்டறையில் ‘டாக்’ என்பார்கள். தண்டின் ஸ்ப்ளைனில் இடவலமாக நகரக்கூடிய ஒரு கியரில் இந்த டாக்குகள் இருக்கும். அது பக்கத்துக் கியரை நோக்கி நகர்ந்து, அதன் குழிகளுக்குள் டாக்கை நுழைத்ததும் இரண்டும் ஒன்றாகிவிடும். நகர்த்துவது ஃபோர்க். ஃபோர்க்கை ஓட்டுவது டிரம். அதன் மேனியில் வளைந்து ஓடும் பள்ளங்களில் ஃபோர்க்கின் ஊசிமுனை செல்லும். நீங்கள் காலால் லீவரைத் தட்டும்போது டிரம் ஆறில் ஒரு பங்கு அளவில் திரும்புகிறது. பள்ளம் ஃபோர்க்கைத் தள்ளுகிறது. ஃபோர்க் கியரைத் தள்ளுகிறது. அவ்வளவுதான் மொத்தக் கதையும்.

ஆகவே கியர் நழுவுகிறது என்றால், பெரும்பாலும் பல்லில் குற்றமில்லை, டாக்கில்தான். புதிய டாக்கின் முகம் நேராக, மூலை கூர்மையாக இருக்கும். அரைகுறையாக விழுந்த கியர்கள், கிளட்ச் பிடிக்காமல் தட்டிய கியர்கள் எல்லாம் அந்த மூலையைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து உருட்டிவிடுகின்றன. உருண்ட முகத்தில் விசை விழும்போது அதில் ஒரு பகுதி பக்கவாட்டில் திரும்புகிறது, இரண்டு கியரையும் பிரித்துத் தள்ளுகிறது. எவ்வளவு முறுக்கு விசையோ அவ்வளவு தள்ளல். அதனால்தான் சமதளத்தில் மெல்ல ஓட்டும்போது ஒன்றும் தெரியாமல், மேட்டில் முழு த்ராட்டிலில் மட்டும் நழுவுகிறது. அந்தத் தள்ளலைத் தடுத்து நிற்பது ஃபோர்க் ஒன்றுதான். அது அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டதல்ல. சூடேறி நீலம் பாரிக்கிறது, முனை தேய்கிறது, ஒருநாள் வளைகிறது. வளைந்த ஃபோர்க் கியரை முழுக்க நகர்த்தாது. டாக் பாதி ஆழம்தான் நுழையும். இன்னும் வேகமாக உருளும். டாக்கை மட்டும் மாற்றினாலும், ஃபோர்க்கை மட்டும் மாற்றினாலும் வேலை நிலைக்காதது இதனால்தான்.

ஏன் முதலில் கெடுவது இரண்டாம் கியர்? முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் நடுவில் நியூட்ரல் இருக்கிறது. காலின் தட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போக வேண்டும். அடுத்தடுத்த கியர்களுக்கிடையே வேக வித்தியாசம் அதிகம் இருப்பதும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்தான். சோம்பேறித்தனமாகத் தட்டினால் டாக் குழியின் விளிம்பிலேயே கடகடவென்று உரசிவிட்டுத்தான் நுழையும். மணலில் இது இரட்டிப்பு. துடுப்பு டயர் போட்ட வண்டி மணலை அள்ளி எறிந்துகொண்டு போகும்போது த்ராட்டிலை விட்டால் உடனே வேகம் செத்துவிடும். அதனால் ஓட்டுகிறவர் விரலை எடுக்காமலே கியர் தட்டப் பழகிவிடுகிறார்.

பிரிப்பதற்கு முன்

கேஸைப் பிரிப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் வெளியிலிருந்தே பார்த்துவிடக்கூடிய குற்றங்கள் சில இருக்கின்றன. கால் லீவரின் ஸ்ப்ளைன் தேய்ந்து வழுக்கினால் கியர் பாதிதான் விழும். வண்டி கவிழ்ந்தோ கல்லில் இடித்தோ ஷிஃப்ட் தண்டு லேசாக வளைந்திருந்தாலும் அப்படியே. கிளட்ச் முழுக்க விடாமல் இழுத்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு கியரும் கடித்துத்தான் விழும். வலப்பக்கக் கவரைக் கழற்றி, கிளட்சை எடுத்தால் டிரம்மைத் திருப்பும் நெம்புகளும் ஸ்பிரிங்குகளும் கண்ணுக்குத் தெரியும். அங்கே ஒரு ஸ்பிரிங் தளர்ந்தோ உடைந்தோ இருந்தால், நூறு ரூபாய் சாமானுக்காக முழு என்ஜினையும் கூறுபோட வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஆயிலை வடித்து, ட்ரெய்ன் போல்ட்டையும் ஆயிலின் அடி மண்டியையும் வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மாவு போல மினுமினுத்தால் அது வழக்கமான தேய்மானம், பெரும்பாலும் கிளட்ச் தட்டுகள். விரலுக்குக் குத்துகிற மாதிரி, மூலை மூலையாக உடைந்த துணுக்குகள் வந்தால் அது டாக்கின் மூலை. அப்போது வேறு யோசனை வேண்டாம், இறக்கிவிடுங்கள். அந்தத் துணுக்குகள் பேரிங்கில் போனால் செலவு வேறு கணக்குக்குப் போய்விடும்.

இன்னொரு கேள்வி: ஆயில் குறைகிறதா? வெளியே ஒழுகாமல் கியர் ஆயில் குறைந்து, சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால், கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் போய்விட்டது. டூ-ஸ்ட்ரோக் என்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருக்கிறது. அதுவும் சேர்ந்து இருந்தால் கேஸைப் பிரிக்க இரண்டு காரணம் கிடைத்துவிட்டது.

பிரிப்பது

கேஸ் இரண்டு விதமாகப் பிரியும். ஆர்எக்ஸ் 100 மாதிரி ஒற்றை சிலிண்டர் என்ஜின்களில் கேஸ் செங்குத்தாக, இடது வலது என்று இரு பாதிகள். கிராங்க் பேரிங்குகளில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். புல்லர் போட்டு, சூடு காட்டி, நிதானமாகப் பிரிக்க வேண்டும். பான்ஷியிலும் ஆர்டியிலும் படுக்கை வசமாக, மேல் கீழ் என்று பிரியும். மெக்கானிக்குக் கொடுத்து வைத்த அமைப்பு இது. என்ஜினைத் தலைகீழாகக் கவிழ்த்து, கீழ்ப்பாதியைத் தூக்கினால், கிராங்க்கும் இரண்டு கியர் தண்டுகளும் மேல்பாதியில் வரிசையாகக் கிடக்கும். எந்தப் பாகம் எங்கே இருந்தது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பார்த்ததும் ஒன்றையும் தொடாமல் மொபைலில் நாலைந்து படம் எடுத்துவிடுங்கள்.

அதற்கு முன் கழற்ற வேண்டியவை நிறைய. கூலண்ட், ஆயில் வடிப்பது, சைலன்சர்கள், கார்புரேட்டர்கள், செயின், ஹெட், சிலிண்டர்கள், பிஸ்டன்கள், இடப்பக்கம் ஃப்ளைவீல், வலப்பக்கம் கிளட்ச், கிராங்க் முனையில் உள்ள ப்ரைமரி கியர். ஃப்ளைவீலுக்கு அதற்கென்று செய்த புல்லர் இல்லாமல் கை வைக்காதீர்கள். சுத்தியலால் தட்டி எடுக்கலாம் என்று சொல்கிறவர் இருப்பார். அழுத்தி இணைத்த கிராங்க் அது, ஒரு தட்டில் நேர்கோடு போய்விடும்.

சிலிண்டரைக் கழற்றாமலே என்ஜினைக் கவிழ்த்துக் கீழ்ப்பாதியை மட்டும் தூக்கிவிடும் குறுக்குவழியும் உண்டு. வேலை மிச்சம்தான். ஆனால் கிராங்க்கின் ஆயில் சீல்கள் உட்காருவதே அந்தப் பிரிவுக் கோட்டில்தான். பிரித்தபின் பழைய சீலையே வைத்து மூடுவதை நான் வேலை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேஸ் போல்ட்டுகளுக்கு வரிசை எண் உண்டு. எண்களைக் கேஸிலேயே வார்த்திருப்பார்கள். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு, முதலில் எல்லாவற்றையும் கால் சுற்று மட்டும் தளர்த்தி, பிறகு முழுக்கக் கழற்ற வேண்டும். மூடும்போது தலைகீழாக, சின்ன எண்ணிலிருந்து. ஓர் அட்டையில் கேஸின் உருவத்தை வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் குத்தி வைப்பது பழைய முறை. இன்றும் அதைவிட நல்ல முறை வரவில்லை. நீளம் மாறிய ஒரு போல்ட் அலுமினியத்தைப் பிளந்துவிடும்.

எல்லா போல்ட்டும் வந்த பிறகும் கேஸ் பிரியாது. பிளவை அடைக்கப் பூசிய பேஸ்ட் பிடித்துக்கொண்டிருக்கும். இங்கேதான் கை பரபரக்கும், ஸ்க்ரூட்ரைவரைப் பிளவில் செருகத் தோன்றும். செருகினால், அந்தக் கீறல் வழியாக அந்த என்ஜின் ஆயுள் முழுக்க ஒழுகும். ரப்பர் அல்லது பிளாஸ்டிக் சுத்தியலால் கேஸில் தடித்த இடங்களைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். வரவில்லையா, நிறுத்திவிட்டு போல்ட்டுகளை எண்ணுங்கள். எங்கோ ஒரு போல்ட் அழுக்குக்குள் மறைந்திருக்கும்.

தண்டுகளைக் கையில் எடுத்தபின்

இனி இருப்பதுதான் நிஜமான பரிசோதனை. முதலில் எந்தக் கியரைக் குற்றம் சாட்டுவது என்று தெரிய வேண்டும். இந்த வகை ஜப்பானிய ஆறு கியர்ப் பெட்டிகளின் வழக்கமான அமைப்பில் இரண்டாம் கியருக்கு சொந்த டாக் வேலை செய்வதில்லை. வெளித்தண்டில் இரண்டாம் கியர் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்; பக்கத்தில் இருக்கும் ஆறாம் கியர்தான் நகர்ந்து வந்து தன் டாக்கால் அதைப் பூட்டும். முதல் கியரைப் பூட்டுவது ஐந்தாம் கியர். ஆக, இரண்டாம் கியர் நழுவுகிற வண்டிக்கு இரண்டாம் கியரை மட்டும் வாங்கிப் போட்டால் பாதி வைத்தியம்தான். ஆறாம் கியரின் டாக்கும் சேர்ந்தே உருண்டிருக்கும். இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும், அல்லது ஜோடியாகச் சீர் செய்ய வேண்டும். கடையில் பாகம் கேட்கப் போகும் பலர் தவறவிடுவது இதைத்தான்.

டாக்கின் முகத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உராய்ந்து பளபளக்கும் பகுதி டாக்கின் முழு உயரத்துக்கும் இருந்தால், ஃபோர்க் கியரை ஒழுங்காக நகர்த்துகிறது. நுனியில் மட்டும் ஒரு மெல்லிய பட்டையாகப் பளபளத்தால், டாக் முழுக்க உள்ளே போகவில்லை. ஃபோர்க்கிலோ டிரம்மிலோ, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் வளையத்திலோ குற்றம் இருக்கிறது. சும்மா சுற்றும் கியரின் குழி விளிம்புகளையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். புதியதில் நகம் சட்டென்று தட்டி நிற்கும், தேய்ந்ததில் வழுக்கிக்கொண்டு போகும்.

ஃபோர்க்கின் இரு நுனிகளின் கனத்தையும் மைக்ரோமீட்டரால் அளந்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். ஒரு நுனி மட்டும் தேய்ந்திருந்தால் ஃபோர்க் வளைந்திருக்கிறது. நீலமோ பழுப்போ ஏறியிருந்தால் அளக்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். வளைந்ததைத் தட்டி நிமிர்த்தும் வழக்கத்தையும் சேர்த்துத் தூக்கிப் போடலாம். ஃபோர்க் ஓடும் கம்பியைக் கண்ணாடிப் பலகையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். டிரம்மின் பள்ளங்களில் ஓரம் சப்பையாகியிருக்கிறதா, பேரிங்குகளைக் கழுவி உலர்த்திக் கையால் சுற்றினால் எங்காவது உறுத்துகிறதா என்று பார்ப்பதோடு சோதனை முடிகிறது.

கியர்களைத் தண்டில் பிடித்து வைக்கும் சர்க்ளிப் வளையங்களைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அச்சில் வெட்டி எடுத்த சர்க்ளிப்புக்கு ஒரு பக்க விளிம்பு உருண்டையாகவும், மறுபக்கம் கூராகவும் இருக்கும். கியரும் வாஷரும் எந்தப் பக்கத்திலிருந்து தள்ளுகின்றனவோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் கூர் விளிம்பு இருக்க வேண்டும். அப்போதுதான் அது பள்ளத்தின் சுவரில் நறுக்கென்று முட்டி நிற்கும். திருப்பிப் போட்டால் உருண்டை விளிம்பு பள்ளத்தை விட்டு மேலேறி வரும். கழற்றிய சர்க்ளிப்பை மறுபடி போடக் கூடாது. விலை ஒரு டீக் காசுதான். கழன்றால் உடைவது கேஸ்.

மேம்படுத்துவது: அண்டர்கட்

புதிய கியர்களைப் போட்டு மூடிவிட்டால் ரிப்பேர் முடிந்தது. ஆனால் இவ்வளவு தூரம் பிரித்தபின், அதே குற்றம் மறுபடி வராமலிருக்க ஏதாவது செய்யலாமா என்று தோன்றுவது இயல்பு. அதற்கு மணல் வண்டிக்காரர்களும் பந்தய வண்டிக்காரர்களும் செய்வது அண்டர்கட்.

டாக்கின் முகத்தை நேராக விடாமல், அடிப்பக்கம் சற்று உள்வாங்கி இருக்கும்படி சாய்வாகச் சீவுவார்கள். குழியின் முகத்தையும் அதே கோணத்தில் சீவுவார்கள். சாய்வு பொதுவாக 3-இலிருந்து 5 டிகிரி. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு அது. ஆனால் விசையின் திசை தலைகீழாகிவிடுகிறது. உருண்ட டாக்கில் முறுக்கு விசை இரு கியரையும் பிரித்துத் தள்ளியது என்று பார்த்தோம். அண்டர்கட் செய்த டாக்கில் அதே விசை இரண்டையும் ஒன்றோடொன்று இழுக்கிறது. 3 டிகிரி சாய்வில் 100 கிலோ விசை விழுந்தால், உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், சுமார் 5 கிலோ பக்கவாட்டில் இழுக்கும். அதாவது த்ராட்டிலை அழுத்த அழுத்தப் பூட்டு இறுகுகிறது. ஃபோர்க்குக்குச் சுமை குறைகிறது. அரைகுறையாக விழுந்த கியரும் உள்ளே இழுபட்டு முழுக்க உட்கார்ந்துவிடும்.

இலவசமாக எதுவும் வராது. சீவியதால் டாக்குக்கும் குழிக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. த்ராட்டிலை விட்டு அழுத்தும்போது ‘கிளங்’ என்ற சத்தம் முன்பைவிட அதிகமாகக் கேட்கும். இழுவையில் இருக்கும்போது கியரை வெளியே எடுப்பது கடினமாகும்; விரலை ஒரு கணமாவது எடுத்தால்தான் கியர் விடும். 5 டிகிரிக்குப் போனால் இந்தப் பிடிவாதம் நன்றாகவே தெரியும். பந்தயத்துக்குப் போகாதவருக்கு 3 டிகிரி போதும் என்பது என் கருத்து.

இதைச் செய்யும் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். கியரின் மேல்தோல்தான் கெட்டிப்படுத்தப்பட்டது, அந்தத் தோலின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. உள்ளே இருப்பது ஒப்பளவில் மென்மையான எஃகு. ஆழமாகச் சீவினால் தோல் போய்விடும். கை கிரைண்டரில் சீவினால் சூட்டில் கெட்டித்தன்மையே போய்விடும். நீலம் ஏறியிருந்தால் அதுதான் சாட்சி. இன்னொன்று, ஒரு கியரில் உள்ள எல்லா டாக்குகளும் ஒரே நேரத்தில் குழியின் முகத்தைத் தொட வேண்டும். ஒன்று மட்டும் முன்னால் தொட்டால் முழுச் சுமையும் அந்த ஒன்றின் தலையில் விழுந்து, அது முறியும். வேலை முடிந்து வந்த கியர்களை அப்படியே மாட்டாமல், டாக்குகளின் முகத்தில் மார்க்கர் மையைத் தடவி, ஜோடியைச் சேர்த்துக் கையால் முறுக்கிப் பிரித்துப் பாருங்கள். எல்லா முகத்திலும் மை சமமாக அழிந்திருந்தால் வேலை சுத்தம். இரண்டில் மட்டும் அழிந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

மணல் இழுவைப் பந்தயக்காரர்கள் இதற்கும் ஒரு படி மேலே போய் ‘ஓவர்ரைட்’ என்ற பெட்டியைப் போடுகிறார்கள். அதில் அடுத்த கியர் பூட்டிய கணமே முந்தைய கியர் தன் டாக்கின் பின்சரிவால் உதைக்கப்பட்டு வெளியே வந்துவிடும். கிளட்ச் வேண்டாம், விரலை எடுக்கவும் வேண்டாம். நேர்கோட்டில் சில நொடிகள் ஓடி நிற்கும் வண்டிக்கு அது சரி. த்ராட்டிலை விட்டும் பிடித்தும் ஓட்டுகிற, இறக்கத்தில் என்ஜின் பிரேக்கை நம்புகிற சாதாரண வண்டிக்கு அந்தச் சரிவே எதிரி. கியர்களைத் திரவ நைட்ரஜன் குளிரில் பதப்படுத்துவது, கண்ணாடி போல மெருகேற்றுவது என்று வேறு சேவைகளும் விற்கிறார்கள். நல்ல ஃபோர்க்கும் புதிய பேரிங்கும் வாங்கியபின் காசு மிச்சமிருந்தால் யோசிக்கலாம்.

மூடுவது

பிரிக்கத் தெரிந்தவர் பத்துப் பேர் என்றால் மூடத் தெரிந்தவர் இரண்டு பேர். டூ-ஸ்ட்ரோக்கில் இது இன்னும் உண்மை. ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் கேஸ் சரியாக மூடாவிட்டால் பெரும்பாலும் ஆயில் ஒழுகும், அவ்வளவுதான். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையும் என்ஜினின் மூச்சில் ஒரு பகுதி. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை அங்கே போய்த்தான் சிலிண்டருக்கு ஏறுகிறது. கேஸின் பிளவு வழியாகவோ ஃப்ளைவீல் பக்கத்து சீல் வழியாகவோ துளி காற்று உள்ளே வந்தாலும் கலவை நீர்த்துப்போகும், பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். கியர் பெட்டியைச் சரிசெய்யப் போய் பிஸ்டனை இழந்த கதை இப்படித்தான் உண்டாகிறது.

பழைய பேஸ்ட்டைச் சுரண்ட இரும்புத் தகடு எடுக்காதீர்கள். கரைப்பானும் பிளாஸ்டிக் சுரண்டியும் போதும், பொறுமைதான் அதிகம் வேண்டும். இந்த என்ஜினின் பிரிவுக்கோட்டில் பேக்கிங் கிடையாது, யமஹா பாண்ட் நம்பர் 4 மாதிரியான பேஸ்ட் மட்டும்தான். மெல்லிய படலமாக, விடுபடாமல் தடவ வேண்டும். நிறையப் பூசினால் பிதுங்கி உள்ளே விழும், ஆயில் துளையை அடைக்கும்.

மூடுமுன் கிராங்க் பேரிங்குகளைப் பாருங்கள். வெளி வளையம் சுற்றிவிடாமலிருக்க ஒரு சின்ன ஊசி துருத்தியிருக்கும்; கேஸில் அதற்கென்று ஒரு பள்ளம் இருக்கும். ஊசி பள்ளத்தில் விழாமல் கேஸை மூடினால் இரு பாதிகளுக்கும் நடுவில் நகம் நுழையும் அளவு இடைவெளி நிற்கும். போல்ட்டை இறுக்கினால் உட்கார்ந்துவிடும் என்று இறுக்காதீர்கள். கேஸ்தான் உடையும். நல்லபடியாகப் பொருந்திய கேஸ் கையால் அழுத்தினாலே மூடும்; போல்ட்டின் வேலை பிடித்து வைப்பது மட்டும். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் ‘கை அளவில்’ இறுக்கிப் பழகியவர்கள்தான் அலுமினிய மரையை உரித்துவிட்டு ஹெலிகாயில் தேடி அலைகிறார்கள்.

மூடியதும் கிளட்சை மாட்டுவதற்கு முன், ஒரு கையால் வெளித்தண்டைச் சுற்றிக்கொண்டே மறுகையால் டிரம்மைத் திருப்பி, ஒன்றிலிருந்து ஆறு வரையும் திரும்ப ஒன்று வரையும் போட்டுப் பாருங்கள். தண்டு நின்றிருக்கும்போது டாக் குழிக்கு நேரே வராது, கியர் விழவில்லை என்று பயந்துபோவீர்கள். சுற்றிக்கொண்டே போட்டால் ஒவ்வொன்றும் தெளிவாக விழ வேண்டும். எங்காவது இறுகினால் அப்போதே மறுபடி பிரியுங்கள். அன்றைக்கு ஒரு மணி நேரம்தான் நஷ்டம்.

சிலிண்டர், ஹெட் எல்லாம் ஏறியபின், வண்டியில் ஏற்றுவதற்கு முன் பிரஷர் டெஸ்ட். கார்புரேட்டர் வாய்களையும் சைலன்சர் வாய்களையும் அடைத்து, சின்னப் பம்ப்பால் 6 பிஎஸ்ஐ காற்றை ஏற்றி, 6 நிமிடம் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் அசையாமல் நிற்பது உத்தமம். நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிவு. சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். அதிகமாக ஏற்றினால் சீலே பிதுங்கிவிடும் என்பதால் 6-ஐத் தாண்ட வேண்டாம்.

ஆயில் ஊற்றும்போது, கிளட்ச் அதே ஆயிலில் ஊறுகிறது என்பதை மறக்காதீர்கள். ஜாசோ எம்ஏ முத்திரை உள்ள பைக் ஆயில் நல்லது. வழுக்கலைக் கூட்டும் மருந்து சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் கியர் நழுவுவதற்குப் பதில் கிளட்ச் வழுக்கும். முதல் ஓட்டம் முடிந்ததும் ஆயிலை வடித்துப் பாருங்கள், புதிய டாக்குகளின் மெல்லிய சாம்பல் தூள் கொஞ்சம் வரும். அது சாதாரணம்.

இந்த வேலையை வெளியே கொடுப்பதாக இருந்தால், பட்டறையில் மூன்று கேள்விகள் கேளுங்கள். சீல்களும் சர்க்ளிப்புகளும் புதியதா? கழற்றிய கியர்களையும் ஃபோர்க்கையும் என் கையில் கொடுப்பீர்களா? பிரஷர் டெஸ்ட்டை என் எதிரில் செய்து காட்டுவீர்களா? மூன்றாவது கேள்விக்கு “அதெல்லாம் தேவைப்படாது சார்” என்று பதில் வந்தால், என்ஜினைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.